43 விநாடி



2018 அக்டோபர் 22, திங்கட்கிழமை. இந்திய நேரப்படி விடியற்காலை 4 மணி 22 நிமிடம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது ஞாயிறு மாலை. கிட்ஹப் நிறுவனத்தின் வலைப்பின்னலில் பழுதாகி வந்த ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வழக்கமான பராமரிப்புதான். நடுவில் இணைப்பு அறுந்தது; 43 விநாடியில் திரும்பியும் வந்துவிட்டது. ஆனால், சேவை முழுமையாகச் சீரடைய 24 மணி 11 நிமிடம் பிடித்தது.

மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேர்த்துவைக்கும் உலகப் பொதுக் களஞ்சியம் கிட்ஹப். இந்தியாவில் திங்கட்கிழமை வேலைநாள் முழுக்க அது தடுமாறிக்கொண்டே இருந்தது.

அரை நிமிடச் சொச்சம் எப்படி ஒரு நாளை விழுங்கியது? பெரிய ஜவுளிக்கடை ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். தலைமைக் கடையில் ஒரு பேரேடு. வரவு செலவு எழுதுவது அதில் மட்டும்தான். கிளைகளில் அதன் நகல்கள் இருக்கும். புரட்டிப் பார்க்கலாம், எழுதக் கூடாது. தலைமைப் பேரேட்டில் விழும் ஒவ்வொரு வரியும் வரிசை மாறாமல் கிளைகளுக்குப் போய்ச் சேரும். கிட்ஹப்பின் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலும் இதே ஏற்பாடுதான். முதன்மை சர்வர் தன் மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைக்கும்; நகல் சர்வர்கள் அந்தக் குறிப்பை வாங்கித் தங்களிடமும் அப்படியே செய்துகொள்ளும். கணினிக்காரர்கள் இதை ரெப்ளிகேஷன் என்பார்கள்.

எல்லா நகலும் எழுதி முடிக்கும்வரை முதன்மை சர்வர் காத்திருந்தால் கணக்கு பிசகாது. ஆனால் ஒளியிழையில் ஒளியே விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்த் திரும்ப 40 மில்லி விநாடியாவது வேண்டும். ஒரு பக்கத்தைத் திறக்கவே தரவுத்தளத்தைப் பலமுறை கேட்க வேண்டியிருக்கும்போது இது சின்னத் தாமதமல்ல. அதனால் தூரத்து நகல்களை ஓரிரு கணம் பின்தங்க விடுவது வழக்கம்.

அந்த ஓரிரு கணத்தில்தான் வினை புகுந்தது. முதன்மை சர்வர் விழுந்தால் வேறொன்றை அந்த இடத்தில் அமர்த்த, ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருளை கிட்ஹப் வைத்திருந்தது. பல ஊர்களில் ஓடும் அதன் பிரதிகள் ஓட்டுப்போட்டு முடிவெடுக்கும். இணைப்பு அறுந்ததும், ஒன்றையொன்று எட்ட முடிந்த பிரதிகள் பெரும்பான்மை திரட்டி, கிழக்குக் கரையில் இருந்த முதன்மை சர்வர்களுக்குப் பதிலாக மேற்குக் கரை சர்வர்களுக்கு முடிசூட்டிவிட்டன. விதிப்படி பார்த்தால் அவை செய்தது தப்பே இல்லை.

இணைப்பு திரும்பியபோது கிழக்கில் சில விநாடிப் பதிவுகள் இருந்தன. அவை மேற்குக்கு வந்து சேரவே இல்லை. மேற்கிலோ புதிய பதிவுகள் குவியத் தொடங்கி, பொறியாளர்கள் நிலைமையைப் பிடிப்பதற்குள் ஏறக்குறைய 40 நிமிடம் ஓடிவிட்டது. இரண்டு பேரேடுகள், ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. மிகவும் பரபரப்பான தரவுத்தளத் தொகுதிகளில் ஒன்றில் இப்படிச் சிக்கியவை 954 பதிவுகள்.

மேற்கில் குவிந்த ஏறக்குறைய 40 நிமிடப் பதிவுகளைத் தூக்கியெறிந்திருந்தால் தளம் சீக்கிரம் எழுந்திருக்கும். கிட்ஹப் அதைச் செய்யவில்லை. பல டெராபைட் காப்பு நகல்களை மணிக்கணக்கில் இறக்கி, கிழக்குக் கரை சர்வர்களை மீட்டு, மேற்கோடு சேர்த்தது. பயனர்களின் திரையில் அதுவரை பழைய தகவல் வந்து போனது. மெதுவானாலும் நேர்மையான முடிவு.

நகல் சர்வர் இருக்கிறதே, காப்பு நகல் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று, கிட்ஹப்பைப் போலவே நிரல்களைச் சேர்த்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், பின்தங்கிய நகலைச் சரிசெய்யப் போன பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மை சர்வரின் தரவையே அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. நம்பியிருந்த காப்பு நகல்களும் கைகொடுக்கவில்லை. 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது.

2018 பழுதுக்குப் பிறகு கிட்ஹப் ஆர்க்கெஸ்ட்ரேட்டரின் அமைப்பை மாற்ற முடிவுசெய்தது: ஒரு கரையின் முதன்மைப் பொறுப்பை இனி அது தானாக மறுகரைக்குத் தூக்கிக் கொடுக்காது.