குளிருக்குள் வேலை: வாய் திறந்து கேளுங்கோ

(பீல் நகரில், புதிதாக வந்திருக்கும் எம்மவர்களுக்காக நடந்த தகவல் மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)



பின்வரிசையில் இருக்கும் தம்பிமார் இன்னும் ஜக்கெற்றைக் கழற்றவில்லை. கழற்றாதீங்கோ, பரவாயில்லை. இன்றைக்குக் கதைக்கப்போவதே குளிரைப்பற்றித்தான். குளிர்காலத்தில் வேலை செய்யும் இடத்தில் எவ்வளவு சூடு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம்.

"விசாவே இன்னும் கிடைக்கவில்லை, இதுக்குள்ள கீற்றரைப்பற்றிக் கதைக்கிறார்" என்று நினைப்பீர்கள். நானும் ஒரு காலம் அப்படித்தான் நினைத்தேன். என்னுடைய முதல் குளிர்காலத்தில் ஒரு றெஸ்ரோரன்ற் கிச்சினில் நின்றேன். அடுப்புப் பக்கம் வெக்கை, பின்கதவு எந்நேரமும் திறந்தபடி. வேர்த்து நனைந்த ரீசேட்டோடு குளிரறைக்குள் போய்ப் பெட்டி அடுக்குவேன். போட ஒரு ஜக்கெற் இல்லை. ஒருநாள் வெங்காயம் வெட்டும்போது கத்தி விரலில் இறங்கிவிட்டது. எனக்கு நோகவே இல்லை. பலகையில் இரத்தத்தைக் கண்ட பிறகுதான் தெரிந்தது. விரல் அவ்வளவு விறைத்துப் போயிருந்தது.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. கேட்டால் வேலை போகும், வேலை போனால் கேஸ் பழுதாகும் என்று பயம். அந்தப் பயம் பிழையானது என்று சொல்ல அன்றைக்கு எனக்கு ஒருவரும் இல்லை. அதனால்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

முதலில், குளிர் உடம்புக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். குளிரும்போது உடம்பு இதயம், ஈரல் போன்ற உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற இரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். கைவிரல், கால்விரல்களுக்குப் போகும் இரத்தம் குறையும். உணர்வு குறையும், பிடி தளரும். கத்தி, மெஷின், ஏணி எல்லாம் அந்த நேரத்தில்தான் ஆபத்து. ஆகவே வேலையிடத்துச் சூடு ஒரு சொகுசு இல்லை, பாதுகாப்பு.

இந்த நாட்டின் தொழிற்சட்டம் 6ஆம் பிரிவில், வேலை செய்பவரின் உடல்நலத்தைக் காப்பது முதலாளியின் கடமை என்று சொல்கிறது. அதற்குக் கீழே 1993இல் வந்த மூன்றாவது ஒழுங்குவிதி இருக்கிறது. அதன் 16ஆம் பிரிவுப்படி அறையின் வெப்பம், காற்றோட்டம், ஈரப்பதன் மூன்றும் உடம்புக்குக் கேடு செய்யாமல், செய்யும் வேலைக்குப் பொருத்தமாக இருக்கவேண்டும். 21ஆம் பிரிவு, சூடாக்காத மண்டபத்திலோ வெளியிலோ வேலை செய்பவர்களைப் பற்றியது. அவர்களைக் குளிரிலிருந்து காக்க முதலாளி ஏற்பாடு செய்யவேண்டும். இயன்றவரை உடம்பைச் சூடாக்கிக்கொள்ளவும் வசதி தரவேண்டும். இந்தச் சட்டத்தில் சுவிஸ்காரருக்கு ஒன்று, அகதிக்கு ஒன்று என்று இல்லை.

எத்தனை பாகை என்று கேட்பீர்கள். சட்டம் ஒரே எண்ணைச் சொல்லவில்லை. சேக்கோ என்று சொல்லப்படும் கூட்டரசுப் பொருளாதார அலுவலகத்தின் வழிகாட்டி, வேலையைப் பொறுத்து ஏறக்குறைய இப்படிச் சொல்கிறது. இருந்தபடி கையால் செய்யும் இலேசான வேலை, அதாவது இந்த ஊரில் மணிக்கூட்டுப் பாகம் பூட்டுவது போன்றதற்கு 20 முதல் 22 பாகை. நின்றும் நடந்தும் செய்யும் இலேசான வேலைக்கு 18 முதல் 21. பாரம் தூக்கும் கடின வேலைக்கு 12 முதல் 17. பாரம் தூக்குபவருக்கு உடம்பே சூடு தரும், அதனால்தான் குறைவு. ஆகவே பொதி ஏற்றும் இடத்தில் 16 பாகை என்றால் அது குற்றமில்லை. அதே 16 பாகையில் உங்களை எட்டு மணித்தியாலம் இருத்தி வைத்தால், அதைப்பற்றிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

இரண்டாவது பிரச்சினை காற்று. சில தொழிற்சாலைகளில், கடைகளில் குளிர்காலத்திலும் ஏசி, காற்றோட்ட மெஷின் ஓடும். அறை 21 பாகை என்று காட்டும், ஆனால் மேலிருந்து வரும் காற்று நேரே பிடரியில் அடிக்கும். பின்னேரம் கழுத்தைத் திருப்ப ஏலாது. இதற்கு எப்போதும் சூட்டைக் கூட்டத் தேவையில்லை. காற்று வரும் வாயைத் திருப்பலாம், அல்லது உங்கள் மேசையை இரண்டு மீற்றர் நகர்த்தலாம். செலவில்லாத வேலை என்பதால் கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள்.

மூன்றாவது வறட்சி. வெளியே இருக்கும் குளிர்காற்றில் நீராவி குறைவு. அதை உள்ளே எடுத்துச் சூடாக்கினால் காற்று இன்னும் வறண்டுபோகும். மூக்கால் இரத்தம் வருவது, உதடு வெடிப்பது, தொண்டை காய்வது இதனால்தான். பயப்படாதீங்கோ, தண்ணீர் குடியுங்கோ, கைக்குக் கிறீம் பூசுங்கோ. ஜன்னலை நாள் முழுக்கச் சரித்து வைக்காமல், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் 5 முதல் 10 நிமிடம் அகலத் திறந்து மூடுங்கோ. அப்போது காற்றும் மாறும், சுவரும் குளிராது.

கிச்சினிலும் குளிரறையிலும் வேலை செய்பவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. குளிரறைக் கதவு உள்ளேயிருந்து திறக்கக்கூடியதாக இருக்கவேண்டும். முதல் நாளே திறந்து பாருங்கோ. குளிர் ஜக்கெற்றும் கையுறையும் வேலைக்குத் தேவையான பாதுகாப்பு உடுப்பு; அதைத் தரவேண்டியது முதலாளி. மாற்று ரீசேட் ஒன்று பையில் வைத்திருங்கோ. ஈர உடுப்போடு குப்பை போட வெளியே போகாதீங்கோ. விறைத்த விரலைக் கொதிதண்ணீரில் வைக்கவேண்டாம். உணர்வில்லாத தோல் வெந்தாலும் தெரியாது. இளஞ்சூடு போதும். "ஒரு கிளாஸ் அடிச்சால் சூடாகும்" என்று யாரும் சொன்னால் நம்பாதீங்கோ. மதுவால் தோலுக்கு இரத்தம் கூட வரும், சூடு மாதிரி இருக்கும், ஆனால் உடம்பின் வெப்பம் வெளியேதான் போகும்.

கர்ப்பிணித் தங்கச்சிமார் கவனியுங்கோ. உங்களுக்குச் சட்டம் தெளிவான எண்ணே சொல்கிறது. அறை 15 பாகைக்குக் கீழே போனால் சூடான குடிபானம் தரவேண்டும். 10 பாகைக்குக் கீழே என்றால் பொருத்தமான உடுப்பும் தரவேண்டும். சைபருக்குக் கீழே 5 பாகைக்கும் குறைவான அறையில் உங்களை வேலைக்கு விடவே கூடாது.

சரி, எப்படிக் கேட்பது? பீலில் ஜேர்மனும் பிரெஞ்சும் இரண்டும் ஓடும். ஜேர்மனில் "மிர் இஸ்ற் கால்ற்" என்று சொல்லுங்கோ. "இஹ் பின் கால்ற்" என்று சொல்லிப்போடாதீங்கோ. அதற்கு "நான் உணர்ச்சி இல்லாத ஆள்" என்று கருத்து வந்துவிடும், எல்லோரும் சிரிப்பார்கள். பிரெஞ்சில் "ஜே ஃப்ருவா". காற்று அடித்தால் ஜேர்மனில் "எஸ் ற்சீற்". இந்த மூன்றையும் பாடமாக்குங்கோ.

முதலில் பொறுப்பாளரிடம் மரியாதையாக வாயால் சொல்லுங்கோ. அறையின் வெப்பத்தையும் குறித்து வையுங்கோ: திகதி, நேரம், எத்தனை பாகை. சின்ன வெப்பமானி ஒன்று போதும். மாற்றம் இல்லை என்றால் இரண்டு வரி எழுதிக் கொடுத்துப் பிரதியை வைத்திருங்கோ. அதற்குப் பிறகும் இல்லை என்றால் ஆலோசனை நிலையத்திடமோ, பீலில் அலுவலகம் உள்ள ஊனியா போன்ற தொழிற்சங்கத்திடமோ போங்கோ. கடைசியாக பேர்ண் மாநிலத்தின் தொழில் பரிசோதகர் இருக்கிறார். முறைப்பாட்டை விசாரிப்பது அவருடைய கடமை. அவருக்கு இரகசியம் காக்கும் கடமையும் உண்டு. வருத்தம் வந்தால் மறைக்காமல் டொக்டரிடம் போய்த் துண்டு எடுங்கோ.

இனி அந்தப் பயத்துக்கு வருகிறேன். உங்கள் அகதி விண்ணப்பத்தைத் தீர்மானிப்பது கூட்டரசின் குடிபெயர்வுச் செயலகம். ஊரில் உங்களுக்கு நடந்ததையும், திரும்பிப் போனால் நடக்கக்கூடியதையும்தான் அது பார்க்கும். கிச்சின் குளிர் என்று சொன்னவரா என்று பார்ப்பதில்லை. நியாயமான உரிமையைக் கேட்டதற்காக வேலையிலிருந்து நிறுத்தினால், அது முறைகேடான பணிநீக்கம். ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும்: பெரும்பாலும் வேலை திரும்பக் கிடைக்காது, நட்டஈடுதான் கேட்கலாம். அதற்கும் அறிவித்தல் காலம் முடியுமுன் எழுத்தில் ஆட்சேபிக்கவேண்டும். ஆகவே கடிதம் கிடைத்த அன்றே ஆலோசனைக்கு வாருங்கோ.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கூட்டரசுக் காம்பில் இருக்கும் காலத்தில் சம்பள வேலைக்குப் போகமுடியாது. மாநிலத்துக்கு வந்தபின் 'என்' பத்திரம் உள்ளவருக்கு முதலாளி முதலில் அனுமதி எடுக்கவேண்டும். 'எஃப்' உள்ளவருக்கு 2019 முதல் வேலையைப் பதிவு செய்து அறிவித்தால் போதும். பதியாமல் வேலை செய்தால் அது வேறு கதை, பரிசோதகர் வந்தால் உங்களுக்கும் சிக்கல். அப்படி மாட்டுப்பட்டிருப்பவர்கள் முறைப்பாடு எழுதுமுன் எங்களிடம் வந்து கதையுங்கோ. பதியாத வேலைக்கும் சம்பளம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

என் விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பிறகு ஒரு வேலையிடத்தில் துணிந்து, உடைந்த ஜேர்மனில் "மிர் இஸ்ற் கால்ற்" என்று சொன்னேன். பொறுப்பாளர் ஒன்றும் பேசாமல் போய், அடுத்த நாள் ஒரு ஜக்கெற் கொண்டுவந்து ஆணியில் கொழுவிவிட்டுப் போனார். அவ்வளவுதான். எல்லா இடமும் அவ்வளவு சுகமாக முடியாது. ஆனாலும் முதலில் கேட்டுப்பாருங்கோ.

இனித் தேத்தண்ணி இருக்கிறது, சூடாகக் குடியுங்கோ. கேள்வி இருந்தால் இங்கேயே கேளுங்கோ.