முகப்பை எண்ணிப் பார்ப்போம்

(யூபிலி விழாவையொட்டி நடந்த பங்கு இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமது கோவில் முகப்பைப் புதுப்பிப்பது குறித்துப் பங்குப் பேரவை ஆலோசித்து வருவதை அறிவீர்கள். பழைய சுதை வேலைப்பாடுகளைச் செதுக்கி எடுத்துவிட்டு டைல்ஸ் பதித்தால் கழுவித் துடைப்பது எளிது என்கின்றனர் ஒரு சாரார். துறைமுகத்து லாரிகள் கிளப்பும் புழுதியையும் கடற்காற்றின் உப்பையும் நினைத்தால் இதைத் தள்ளிவிட முடியாது. அழகு போய்விடும் என்கின்றனர் மற்றவர்கள். எவ்வளவு போகும் என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. அதில் ஒரு பகுதியையாவது எண்ணி அறிய வழி உண்டு.

பெனுவா மாண்டெல்பிராட் என்னும் கணித அறிஞர், பிரித்தானியக் கடற்கரையின் நீளம் எவ்வளவு என்று 1967-இல் ஒரு கேள்வி எழுப்பினார். அளவுகோல் சிறுக்கச் சிறுக்க, புதுப்புது நெளிவுகள் பிடிபட்டுக் கரையின் நீளம் கூடிக்கொண்டே போகுமன்றோ? இத்தகைய வடிவங்களுக்கு 1975-இல் அவர் ‘ஃபிராக்டல்’ எனப் பெயரிட்டார். ‘உடைந்தது’ எனப் பொருள்படும் ‘ஃபிராக்துஸ்’ என்ற இலத்தீன் சொல்லே அதன் வேர். இலத்தீன் திருப்பலியில் ஆண்டவர் அப்பத்தைப் பிட்டார் என்னுமிடத்தில் வரும் ‘ஃபிரேஜித்’ இதன் உடன்பிறப்பு என்பதைப் பெரியவர்கள் கவனிப்பார்களாக.

கட்டடத்தை எப்படி அளப்பது? முகப்பைக் கோட்டுப்படமாக வரைந்து, கணக்கு நோட்டில் உள்ளதுபோல் அதன்மேல் சதுரக் கட்டங்கள் போடுங்கள். கோடு படும் கட்டங்களை மட்டும் எண்ணுங்கள். பிறகு கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கி மறுபடி எண்ணுங்கள். வெறும் நேர்க்கோடு என்றால் எண்ணிக்கை இருமடங்காகும். அதன் பரிமாணம் 1. முழுவதும் கரி பூசிய தாள் என்றால் நான்கு மடங்காகும், பரிமாணம் 2. கட்டடங்கள் இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும். 100 கட்டங்கள் 300 ஆனால் பரிமாணம் ஏறக்குறைய 1.58. கட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போவது, தூரத்திலிருந்து கட்டடத்தை நெருங்கி வருவதற்குச் சமம்.

அமெரிக்காவின் கார்ல் போவில் 1996-இல் வெளியிட்ட நூலில் இரு வீடுகளை இவ்வாறு அளந்தார். சிக்காகோவில் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த ரோபி இல்லம் நெருங்க நெருங்கப் புதிய நுணுக்கங்களைக் காட்டியது. பாரிசுக்கு அருகே லெ கொர்புசியே வடிவமைத்த வில்லா சவோயோ, கட்டங்கள் சிறுத்ததும் நேர்க்கோட்டின் அளவை நோக்கி இறங்கியது. பிற்காலத்தில் கணினி கொண்டு அளந்தவர்கள், வேறுபாடு அவ்வளவு பெரிதன்று என்றனர். எந்தக் கோடுகளை வரைகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும்.

நமக்கு சிக்காகோ வேண்டாம். திருவொற்றியூர்த் தியாகராசர் கோவிலின் ஐந்து நிலைக் கோபுரத்தைப் பாருங்கள். தொலைவில் மேலே குறுகிச் செல்லும் ஓர் உருவம். சற்று நெருங்கினால், ஒரே அமைப்பு அளவில் சுருங்கி நிலைக்கு நிலை திரும்ப வருவது தெரியும். இன்னும் நெருங்கினால் ஒவ்வொரு நிலையிலும் குட்டிக் கோவில்களின் வரிசை. 1896-இல் புதுப்பித்துக் கட்டப்பட்ட சாந்தோம் பேராலயத்தில் கூர்வளைவு இதே வேலையைச் செய்கிறது. நம் தாய்மார்கள் வாசலில் இடும் கோலமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. சிறு விதியைத் திரும்பத் திரும்பக் கையாண்டு கோலம் வளர்வதைத் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோன்மணி முதலியோர் 1970-களிலேயே கணிதமாக ஆராய்ந்தனர்.

ஆயினும் எண் வேறு, அழகு வேறு. மணலி எண்ணெய் ஆலையின் குழாய்களையும், நம் தெரு மின்கம்பத்தில் சிக்கித் தொங்கும் வயர்களையும் எண்ணினால் நல்ல மதிப்பெண்தான் வரும்! அதைப்போலவே டைல்ஸின் இணைப்புக் கோடுகளை எண்ணினாலும் எண் ஏறிவிடும். ஆனால் வாயிலுக்கும் அந்தச் சின்னக் கோட்டுக்கும் நடுவே, தெருவின் எதிர்ப்புறத்தில் நிற்பவர் கண்ணுக்கு இன்று கிடைக்கும் வளைவு, விளிம்பு, தூண்தலை எதுவும் அங்கே இராது. ஆகவே ஒரே ஒரு எண்ணைப் பார்க்காமல், பெரிய கட்டம், நடுத்தரக் கட்டம், சிறிய கட்டம் என்று தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

வருகிற ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் பழைய முகப்பின் படமும் புதிய திட்டத்தின் படமும், கட்டத் தாள்களும் பங்கு அலுவலக மேசைமீது இருக்கும். பென்சிலை மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள். எண்ணி முடித்த பிறகு பேரவை கூடட்டும்.