நகர்க்குள்ளும் கழனி



உழுவது நாட்டுப்புறத்தார்க்கு, உண்பது நகரத்தார்க்கு என்னும் எண்ணம் உலகத்தார் அனைவரும் ஏற்றதன்று.

மெக்சிக்கோவின் அசுடெக்கர், தலைநகரைச் சூழ்ந்த ஏரியிலேயே பயிர் செய்தனர். அடிச்சேற்றை வாரிக் குவித்துத் திட்டாக்கிக் கரை சரியாவண்ணம் ஓரங்களில் மரம் நட்டனர். அத்திட்டின் பெயர் 'சினாம்பா'. 1521இல் எசுப்பானியர் அந்நகரை வீழ்த்தினர். பின்னர் ஏரியும் பெரும்பாலும் வற்றடிக்கப்பட்டது. ஆயினும், சொச்சிமில்கோவில் அத்திட்டுகள் இன்றும் விளைகின்றன. அவர்தம் நாவாட்டில் மொழிச்சொல்லும் உடன் வாழ்கின்றது.

கியூபாவின் அவானா நகரத்தாரை உழவராக்கியது பசி. 1991இல் சோவியத்து ஒன்றியம் குலைந்தது. அங்கிருந்து வந்த எரியெண்ணெயும் உரமும் அற்றுப்போயின. மக்கள் வெற்றுமனைகளில் பாத்தி கட்டி, மக்கிய எருவிட்டுக் கீரையும் காய்கறியும் விளைத்தனர்.

செருமானியரோ நகர்த்தோட்டத்திற்குச் சட்டத்தால் வேலியிட்டனர். அவர்தம் 1983ஆம் ஆண்டுச் சிறுதோட்டச் சட்டம், தோட்டம் ஒன்றின் பரப்பை 400 சதுர மீட்டர்க்குள் அடக்கிற்று. குத்தகைத் தொகைக்கும் வரம்பிட்டது. நிலமுடையார் நினைத்தவுடன் பயிரிடுவோரை வெளியேற்ற இயலாது.

திறம் மரபால் வரும். முனைப்புப் பசியால் வரும். நிலைப்போ உரிமையால்தான் வரும்.

தமிழரும் மனையை ஒட்டிய தோட்டத்தைப் படப்பை என்றனர், கொல்லை என்றனர். இன்று நகரங்களில் மனை முழுதும் கட்டடமாகிக் கொல்லை மறைகின்றது; படப்பையோ அகரமுதலிக்குள் ஒடுங்கிவிட்டது. பொருளை இழந்தபின் சொல்லை மட்டும் காத்தல் அரிது. நகர்தோறும் பொதுநிலத்தில் ஒரு பங்கு, குடிமக்கள் பயிரிட ஒதுக்கப்படல் வேண்டும். அவ்வுரிமையைக் கேட்டுப் பெறுவதும் தமிழ்த்தொண்டே!