தறியை ஊருக்குக் கொண்டுபோகும்போது

(மீள்குடியேறச் செல்லும் குடும்பங்களுக்கு நெசவுப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை)



அடுத்த கிழமை உங்களிற் பலர் ஊர் திரும்புகிறீர்கள். சால்வை நெய்யப் பழகிய சிலர் தங்களுடைய தறியையும் ஏற்றலாமோ என்று கேட்டீர்கள். உழவு இயந்திரப் பெட்டியில் அரிசி, தறப்பாள், சட்டி பானை, பிள்ளைகள் எல்லாம் ஏறிய பிறகு இடமில்லாவிட்டால் தறியின் மரத்தை விட்டுவிட்டுப் போங்கள். கால்களையும் குறுக்குமரங்களையும் அளவு கொடுத்தால் ஊர்த் தச்சர் செய்து தருவார். அச்சையும் நான்கு விழுதுச் சட்டங்களையும் மட்டும் கைவிடாதீர்கள். அவற்றைச் செய்யத் தச்சரால் முடியாது.

1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது நான் அச்சையும் விழுதுகளையும் பாயில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அதுவரை சரி. ஆனால் அவசரத்தில் பாவு நூலை அறுத்து முழுவதையும் உருவி எறிந்துவிட்டேன். பிறகு ஒரு தறி கிடைத்தபோது ஒவ்வொரு கண்ணிலும் புதிதாக நூல் கோக்க நாட்கணக்காயிற்று. இடையில் ஓர் இழை பிசகியதை நெய்து பார்த்த பிறகுதான் கண்டேன். கோத்த எல்லாவற்றையும் திரும்ப அவிழ்த்தேன்.

நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். கடைசிச் சால்வையை வெட்டும்போது அச்சுக்கு முன்னால் ஒரு சாண் நூலை விடுங்கள். விழுதுக்குப் பின்னால் ஒரு முழம் விடுங்கள். 24 இழைக்கு ஒரு முடிச்சாக இரண்டு பக்கமும் கட்டுங்கள். நம்முடைய சால்வை 16 அங்குல அகலம்; அங்குலத்துக்கு 24 இழைப்படி மொத்தம் 384 இழை. ஆகவே பக்கத்துக்கு 16 முடிச்சு. பிறகு அச்சையும் சட்டங்களையும் ஒன்றாக ஒரு பலகையில் வைத்துக் கட்டி, பழைய சேலையால் சுற்றுங்கள். ஊரில் புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு முடிந்து மெதுவாக இழுத்தால் போதும். கோக்கிற வேலையே இல்லை.

இனி நூல்க் கணக்கு. ஒரு சால்வைக்குக் குஞ்சத்தோடு இரண்டேகால் யார் பாவு போகும். அதைவிடத் தறியில் நெய்ய முடியாமல் கடைசியில் முக்கால் யார் மிஞ்சும். ஒரு சால்வைக்கென்று பாவு போட்டால் 3 யாரில் முக்கால் யார் வீண். எட்டுச் சால்வைக்குப் போட்டாலும் அதே முக்கால் யார்தான் வீண். கையில் காசு குறைவென்று சின்னப் பாவு போடுகிறவருக்குத்தான் நட்டம் கூட. இரண்டு வீட்டார் சேர்ந்து நூல் வாங்கி ஒரே பாவில் ஆளுக்கு நாலு நெய்யுங்கள். முதல் எட்டும் விற்கும்வரை நூலுக்காகக் கடன் எடுக்க வேண்டாம்.

எட்டும் ஒரே மாதிரி இருக்குமே என்று யோசிக்காதீர்கள். 1, 2, 3, 4 என்று கோத்த பாவில், 1-3, 2-4 என்று மிதித்தால் சாதாரண நெசவு. 1-2, 2-3, 3-4, 4-1 என்று மிதித்தால் சாய்கோடு. பாதியில் திருப்பி மிதித்தால் கோடு மடங்கித் திரும்பும். ஊடை நிறத்தையும் மாற்றினால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. பாவுக்கு வெள்ளை அல்லது சாம்பல் நிறம் நல்லது. எந்த நிறத்தோடும் ஒத்துப்போகும். சிவப்பையும் கருநீலத்தையும் வாங்கினால் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூலைத் தொடாதீர்கள். ஒருமுறை சாயம் போன சால்வையை வாங்கியவர் திரும்ப வரமாட்டார்.

தறிக்கு மரம் தேடிக் காட்டுக்குள் போக வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடிந்தது என்று அறிவித்த இடத்தைத் தவிர வேறெங்கும் கால் வைக்காதீர்கள். சொந்த வளவென்றாலும் கிராம அலுவலரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். கொட்டிலில் தறியின் கால்களுக்குக் கீழ் சீமெந்துக் கல் வையுங்கள், கறையான் ஏறினால் உடனே தெரியும். மாரியில் அச்சுக் கறள் பிடித்தால் நூலிலும் கறை ஏறும். நெய்யாத நாளில் உலர்ந்த துணியால் துடைத்துக் கடதாசியால் மூடிவிடுங்கள்.

இன்று பின்னேரம் தறிகளைக் கழற்றுவோம். அதற்கு முன் மரங்களின் அளவை எழுத ஒரு கொப்பியும் நூல் கட்டக் கொஞ்சக் கயிறும் கொண்டுவாருங்கள்.