ஊட்டி வளர்த்தல்



நம் ஊரில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. வீட்டில் பிறந்தநாள் வந்தாலும், பெரியவர்களின் நினைவுநாள் வந்தாலும், பக்கத்தில் இருக்கும் குழந்தைகள் இல்லத்துக்குப் போன் செய்து, "ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு, என் பேரனின் முதல் பிறந்தநாளுக்கு நானும் கேட்டேன். வடை, பாயசம், ஆளுக்கு ஒரு லட்டு. யாரென்றே தெரியாத என் பேரனுக்காக அந்தப் பிள்ளைகள் வரிசையில் நின்று கைதட்டிப் பாடினார்கள்.

பந்தி முடிகிற நேரம். எட்டு வயதுப் பையன் ஒருவன், தன் பங்கு லட்டை நோட்டுத்தாளில் மடித்துக்கொண்டு என்னிடம் வந்தான். "டீச்சர், எங்க தங்கச்சி வேற ஹோம்ல இருக்கு. நீங்க அந்தப் பக்கம் போவீங்களா?"

பிறகுதான் விசாரித்தேன். அப்பா இறந்துவிட்டார். அம்மா போன இடம் தெரியவில்லை. அப்பாவைப் பெற்ற ஆத்தா கிராமத்தில் இருக்கிறார். நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இரண்டு வயிற்றுக்குச் சோறு போட முடியாமல், யாரோ சொன்னார்கள் என்று, பேரனை ஆண் பிள்ளைகள் இல்லத்திலும் பேத்தியைப் பெண் பிள்ளைகள் இல்லத்திலும் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அந்த வீட்டில் பாசத்துக்குக் குறைவில்லை. மாதம் சில ஆயிரம் ரூபாய் குறைந்தது. அந்தச் சில ஆயிரத்துக்காக ஓர் அண்ணனும் தங்கையும் பிரிந்தார்கள்.

அன்பர்களே, இல்லங்களைக் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. போக்கிடம் இல்லாமல் வந்த பெண் பிள்ளைகளுக்காகச் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நாம் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பெண் சிசுக்கள் கொல்லப்பட்ட கொடுமையைத் தடுக்க குழந்தையை விட்டுச்செல்வதற்கென 1992-இல் சேலத்தில் வைத்த தொட்டில், உயிர் காத்த தொட்டில். உயிரைக் காப்பது முதல் கடமை. காத்த உயிரை எங்கே வளர்ப்பது? அதுதான் இன்றைய கேள்வி.

அந்தக் கேள்விக்கு மிகத் தவறான விடை எழுதிய நாடு ருமேனியா. மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும் என்று 1966-இல் அந்நாட்டை ஆண்ட சௌசெஸ்குவின் அரசு கருக்கலைப்பைத் தடை செய்தது. வறுமையில் பிறந்த பிள்ளைகளை வளர்க்க முடியாதவர்கள் அரசு இல்லங்களில் விட்டார்கள். "உங்களைவிட அரசு நன்றாக வளர்க்கும்" என்று ஆட்சியும் சொன்னது. 1989 டிசம்பரில் அந்த ஆட்சி கவிழ்ந்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்தக் கட்டடங்களுக்குள் இருந்தார்கள்.

புக்கரெஸ்ட் நகரில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா என்ற மூன்று ஆய்வாளர்கள் 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லாரும் ஏறத்தாழ இரண்டரை வயதுக்கு உட்பட்ட, இல்லத்துக் குழந்தைகள். பாதிப் பேர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். இல்லத்தில் பால் இருந்தது, கட்டில் இருந்தது, மருந்தும் இருந்தது. ஆனால் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு ஒரே பணியாளர், அவரும் ஷிப்ட் மாறிப் போய்விடுவார். எந்தக் குழந்தைக்கும் 'என் ஆள்' என்று ஒருவர் இல்லை. இல்லத்திலேயே தங்கிய குழந்தைகளுக்கு மூளையின் மின் செயல்பாடுகூடக் குறைந்திருந்தது. குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவிலும், ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளும் இயல்பிலும் மேலே வந்தார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் நன்றாகவே தேறினார்கள்.

இந்த உண்மையை நம் பழமொழி எப்போதோ சொல்லிவிட்டது. "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்." அந்தச் சொல்லைக் கவனியுங்கள். 'சோறு போட்டு வளர்த்தால்' என்று நம் முன்னோர் சொல்லவில்லை, 'ஊட்டி' என்றார்கள். சோறு போட ஒரு கரண்டி போதும், நூறு இலைக்குப் போடலாம். ஊட்ட வேண்டுமானால் ஒரு கை வேண்டும், ஒரு மடி வேண்டும், "இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சுகிற ஒரு குரல் வேண்டும்.

பிள்ளைகளைக் குடும்பத்தில் வளர்ப்பது ஏழை நாடுகளுக்கு எட்டாது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். 1994-இன் இனப்படுகொலையில் குடும்பங்களே அழிந்துபோன ருவாண்டாவைப் பாருங்கள். அங்கே 2012-இல் எடுத்த கணக்கில் 33 இல்லங்களில் 3,323 பிள்ளைகள் இருந்தார்கள். 'பிள்ளைகளைக் குடும்பத்தில் வளர்ப்போம்' என்ற பொருளில் ஒரு திட்டம் பிறந்தது. உறவைத் தேடினார்கள், உறவில்லாதவர்களுக்கு வளர்ப்புக் குடும்பம் தேடினார்கள். ஒவ்வொரு கிராமத்திலும் ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு தன்னார்வலர்கள், 'குடும்பத்தின் நண்பர்கள்' என்ற பெயரில் வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்கிறார்கள்.

நமக்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. வளர்ப்புப் பராமரிப்புக்கு அதில் இடமுண்டு, நிதி ஆதரவுக்கும் இடமுண்டு. மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் குடும்பத்துக்கே வரும். தமிழக அரசின் 'அன்புக் கரங்கள்' 2025-இல் தொடங்கியது. மாதம் 2,000 ரூபாய், 18 வயது வரை. வீட்டிலேயே வளர்க்க அரசு உதவி உண்டு என்ற செய்தி அந்த ஆத்தாவின் திண்ணைவரை போய்ச் சேரவில்லை. அதுதான் நம் குறை. இந்த அரங்கில் இருக்கும் படித்தவர்களின் குறை.

எச்சரிக்கையாகவும் ஒன்று சொல்ல வேண்டும். நாளைக்கே இல்லங்களின் கேட்டைப் பூட்டிப் பிள்ளைகளை பஸ் ஏற்றிவிடுவது மாற்றமாகாது. போகிற வீட்டை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும். போன பிறகும் மாதந்தோறும் யாராவது எட்டிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வளர்ப்புப் பிள்ளை சம்பளமில்லாத வேலைக்காரப் பிள்ளையாகிவிடும். அடி உதைக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளையை அதே வீட்டில் கொண்டுபோய் விடக் கூடாது. அதற்கு வேறு நல்ல குடும்பம் தேட வேண்டும். இத்தனை நாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட வார்டன்களும் ஆயாக்களும் இந்த வேலைக்குத் தேவை. பிள்ளைகளை அவர்களைவிட அறிந்தவர் யார்?

நான் முப்பது ஆண்டு வகுப்பறையில் இருந்தவள். இல்லத்துப் பிள்ளைகள் முப்பது பேரின் ரேங்க் கார்டிலும் ஒரே வார்டனின் கையெழுத்துதான் இருக்கும். "ஹோம் பிள்ளைங்க" என்று மற்ற பிள்ளைகள் சொல்வது காதில் விழும். 18 வயது முடிந்ததும் அந்தப் பிள்ளைகளில் ஒரு பெண் பெட்டியோடு வெளியே வருவாள். 21 வயது வரை பின்காப்பு உதவி தரச் சட்டம் சொல்கிறது. உதவித்தொகை கிடைத்தாலும், அவளுக்கு வளைகாப்பு என்றால் வளையல் கொண்டுவரும் தாய்வீடு எது? அவள் குழந்தைக்குக் காது குத்த மடியில் வைத்துக்கொள்ளும் தாய்மாமன் யார்? உறவு என்பது பதினெட்டு வயதில் திடீரென்று கிடைக்கிற பொருளில்லை. சின்ன வயதிலிருந்தே சேர்ந்து வளர வேண்டியது.

அந்தப் பையன் கதையை முடிக்கிறேன். இறப்புச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, குழந்தைகள் நலக் குழுவின் விசாரணை என்று அலைந்தோம். ஒரு தாள் குறைகிறது என்று ஓர் அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். பதினோரு மாதம் ஆனது. இரண்டு பிள்ளைகளும் ஆத்தா வீட்டுக்குப் போனார்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த பிறந்தநாளுக்கு இல்லத்துக்குப் போன் செய்யும்போது, சாப்பாட்டுச் செலவைக் கேட்ட பிறகு இன்னொன்றும் கேளுங்கள்: "இங்கே இருக்கிற பிள்ளைகளில் சொந்தம் இருக்கிறவர்கள் எத்தனை பேர்? அவர்கள் வீட்டுக்குப் போக என்ன தேவை?" அதற்கு மனு எழுதிக் கொடுங்கள், சான்றிதழுக்காக அவர்களோடு அலையுங்கள். முடிந்தவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வளர்ப்புக் குடும்பமாகப் பதிவு செய்யுங்கள்.

என் பேரனின் அடுத்த பிறந்தநாளுக்கு நான் அந்தக் கிராமத்துக்குத்தான் போனேன். லட்டு டப்பாவைத் திண்ணையில் வைத்தேன். கடைசி லட்டு யாருக்கு என்று அண்ணனும் தங்கையும் அடித்துக்கொண்டார்கள். ஆத்தா இருவர் முதுகிலும் ஒன்று போட்டு, அதைப் பாதியாகப் பிட்டு ஊட்டிவிட்டார்.