பெயர் அறியாத செடிகள்

அமெரிக்காவிலுள்ள யேல் பல்கலைக்கழகத்தின் அரிய நூல்கள் நூலகத்திலே 408 ஆம் இலக்கம் பெற்ற கையெழுத்துச் சுவடி ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகின்றது. கன்றின் தோலைப் பதப்படுத்திச் செய்த ஏடுகளால் ஆகியது அது. அதன் எழுத்தை இன்றுவரை எவரும் ஐயமறப் படித்தாரல்லர். மொழி இன்னதென்பதும் தெரியவில்லை. 1912 ஆம் ஆண்டில், உரோமாபுரிக்கு அண்மையில் இயேசு சபையாரிடமிருந்து அதனை விலைக்கு வாங்கிய புத்தக வணிகர் வில்பிரிட் வொயினிச்சின் பெயராலேயே அச்சுவடி வழங்குகின்றது.

மறைமொழி வல்லுநர் தோற்ற இடத்திலே தாவரவியலார் வெல்லக்கூடும் என்னும் நம்பிக்கை பலருக்கு உண்டாயிற்று. சுவடியின் ஏறத்தாழப் பாதி செடிகளின் சித்திரங்களே. பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு செடியாக, வேர், தண்டு, இலை, பூ யாவும் தோன்ற வரைந்து வண்ணமும் தீட்டியிருக்கின்றனர். செடி இன்னதென்று தெளிந்தால், பக்கத்தின் முதற் சொல் அதன் பெயராதல் கூடும். பெயர் கிடைத்தால் சில எழுத்துக்களின் ஒலி கிடைக்கும். அதைப் பற்றிக்கொண்டு மேலே செல்லலாம். எகிப்தியரின் பழைய எழுத்து அரசர் பெயர்களைக்கொண்டே முதலிற் படிக்கப்பட்டது என்பதை நினைத்தால், இந்நம்பிக்கையை வீணென்று தள்ளிவிட முடியாது.

ஆனால் செடிகள் பிடிகொடுக்கவில்லை. 1639 ஆம் ஆண்டிலேயே பிராகு நகரத்தவரான கியோர்க் பாரெஷ் என்பவர், அப்போது சுவடி தம் கையில் இருக்க, உரோமாபுரியில் வாழ்ந்த அத்தனாசியஸ் கிர்க்கர் என்னும் பேரறிஞருக்கு அதுபற்றி ஒரு கடிதம் எழுதினார். இது மருத்துவ நூலாக இருக்கலாம் என்றும், இச்செடிகள் ஜெர்மானிய நாடுகளிற் காணப்படாதவை என்றும், யாரோ ஒரு மேலோர் கீழைநாடுகளுக்குச் சென்று திரட்டி வந்த அறிவாக இருக்கலாம் என்றும் அவர் ஊகித்தார். தம் நாட்டில் அறியப்படாத செடி தொலைநாட்டுச் செடியாகவே இருக்கவேண்டும் என்னும் இந்த எண்ணம் பின்வந்தவர்களையும் விடவில்லை. நாடு மட்டுமே மாறியது.

1944 ஆம் ஆண்டில் ஹியூ ஓநீல் என்னும் அமெரிக்கத் தாவரவியலார், சுவடியின் ஒளிப்படப் பிரதிகளை ஆராய்ந்து ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். 93 ஆம் ஏட்டிலுள்ளது சூரியகாந்தி என்றும், 101 ஆம் ஏட்டிலுள்ளது மிளகாய் இனம் என்றும் அவர் கூறினார். இரண்டும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. மிளகாய் இல்லாத குழம்பை நாம் இன்று நினைத்தும் பார்ப்பதில்லை. எனினும் போர்த்துக்கேயர் வருமுன் இங்கே காரத்துக்கு மிளகுதான் இருந்தது. ஐரோப்பாவிலும் நிலைமை அதுவே. ஆகவே கொலம்பஸ் திரும்பி வந்த 1493 ஆம் ஆண்டுக்குப் பின்னரே சுவடி தோன்றியிருக்க வேண்டும் என்பது ஓநீலின் முடிபு. தர்க்கத்தில் குறையில்லை, அது நின்ற அடித்தளமே ஐயத்துக்குரியது.

2009 ஆம் ஆண்டில் அரிசோனாப் பல்கலைக்கழகத்தார் நான்கு ஏடுகளிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து, கதிரியக்கக் கரியைக்கொண்டு வயதைக் கணித்தனர். தோல் 1404 ஆம் ஆண்டுக்கும் 1438 ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்டது என்று தெரியவந்தது. அப்போது கொலம்பஸ் பிறந்திருக்கவுமில்லை. கணிக்கப்பட்டது தோலின் வயதே, மையின் வயது அன்று என வாதிப்போர் உளர். அது மெய்தான். ஆயினும் இத்தனை ஏடுகளுக்கு வேண்டிய தோல் அரை நூற்றாண்டுக்கு மேலாக எழுதப்படாமற் கிடந்தது என்று கொள்வதற்குத் தனிச் சான்று வேண்டும். ஒரு பூவின் சாயல் போதாது. இதற்குப் பின்னரும் டக்கர், டால்பர்ட் என்னும் இருவர், 1552 இல் மெக்சிக்கோவில் எழுதப்பட்ட மூலிகை நூலோடு ஒப்பிட்டு, 37 செடிகளை அமெரிக்கச் செடிகளாகக் காட்ட முயன்றனர். அம்முயற்சியும் ஆராய்ச்சியாளர் பலரின் உடன்பாட்டைப் பெறவில்லை.

கற்றவர் கண்கள் ஏன் இவ்வாறு இடறுகின்றன? சித்திரத்திலே அளவு இல்லை. ஆளுயரம் வளரும் சூரியகாந்தியும், சாண் உயரமான காட்டுச் செவ்வந்தியும் ஒரே அளவான ஏட்டை நிரப்பும். வட்டத் தலையும் சூழ இதழும் உடைய பூக்கள் அக்குடும்பத்திலே ஆயிரக்கணக்கில் உண்டு. வண்ணமோ பிற்காலத்தில் வேறொருவர் பூசியதாகவும் இருக்கலாம். இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஒரு செடியின் வேரும் மற்றொன்றின் இலையும் வேறொன்றின் பூவும் கூட்டியவை போலப் பல உருவங்கள் காணப்படுகின்றன. வேர்கள் சில விலங்கின் பாதம்போல் இருக்கின்றன. வட இத்தாலியில் அந்நாளில் வழங்கிய வேறு சில மூலிகைச் சுவடிகளிலும் இத்தகைய கற்பனை வேர்கள் உள. ஆதலின் வரைந்தவர் செடியைக் கண்டாரோ, செடியின் படத்தை மட்டுமே கண்டாரோ என்னும் கேள்வி எழுகின்றது.

இக்குறை பழையது. கிராத்தேவாஸ் முதலிய கிரேக்கர் மூலிகைகளை வண்ணத்தில் எழுதி வைத்ததைக் குறிப்பிடும் உரோம ஆசிரியர் பிளினி, முதலாம் நூற்றாண்டிலேயே அம்முறையின் குற்றத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். படியெடுப்போர் மூலத்திலிருந்து வழுவுவர். செடியோ பருவந்தோறும் வேறு கோலம் கொள்ளும். ஓவியம் அவற்றுள் ஒன்றையே காட்டும்.

இலங்கையில் நிகழ்ந்த ஒன்றை இதனோடு ஒப்பிடலாம். ஒல்லாந்தர் ஆட்சியில், 1670 களில், பவுல் ஹெர்மன் என்னும் மருத்துவர் இங்கே செடிகளைத் திரட்டி உலர்த்தித் தாள்களில் ஒட்டினார், சித்திரங்களும் சேர்த்தார், நாட்டார் வழங்கிய பெயர்களையும் குறித்துக்கொண்டார். அத்தொகுதி பல கைகள் மாறி லினேயஸிடம் சேர்ந்தது. ஈழத்து மண்ணை மிதியாத அவர், அதைக்கொண்டே இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1747 இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கையில் உலர்ந்த இலை இருந்தது, பெயர் இருந்தது, பறித்த நாடும் தெரிந்திருந்தது. வொயினிச் சுவடியில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை.

சுவடியின் ஏடுகள் அனைத்தையும் நூலகத்தார் தெளிவாகப் படம்பிடித்து யாவரும் காண வழங்கியிருப்பதால், புதிய பெயர்ப் பட்டியல்கள் தொடர்ந்து வெளிவருகின்றன. ஒரே இலையை ஒருவர் ஆமணக்கு என்கிறார், மற்றவர் வேறென்கிறார். ஒன்பதாம் ஏட்டின் பின்பக்கத்திலுள்ள சிறு பூவைப் பற்றி மட்டும் பெரிய பிணக்கு இல்லை. ஐரோப்பிய வயல்களிற் களையாக முளைக்கும் வயோலா என்னும் பூண்டு அது.