கைக்குப் பொருந்துவதே நல்ல பிஸ்டல்



2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் வெண்கலம் வென்றார். இரண்டே நாளில் சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு இரட்டையர் பிரிவிலும் வெண்கலம் பெற்றார். அதைப் பார்த்த பிள்ளை, "அப்பா, எனக்கும் ஒரு பிஸ்டல் வேணும்" என்று கேட்டால் பெற்றோர் என்ன செய்வது? ஜொகூரில், குளுவாங் மாவட்டத்துப் பாலோ போன்ற சிற்றூரில் இருக்கும் குடும்பத்திற்கு இது சின்னக் கேள்வி அல்ல. சேமிப்பும் இதில் அடங்கியிருக்கிறது, சட்டமும் அடங்கியிருக்கிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மலேசியாவில் ஏர் பிஸ்டல் விளையாட்டுச் சாமான் அல்ல. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதை ஆயுதம் என்றே வகைப்படுத்துகிறது. காவல்துறை உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் சிறைத் தண்டனை வரை போகும். இணையத்தில் மலிவாக வருகிறது என்று யாரும் ஆசைப்படக் கூடாது. முறையாக இயங்கும் துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்வது முதல் படி. சங்கத்தின் பிஸ்டலில், பயிற்சியாளரின் பார்வையில் சுட்டுப் பழகுவது இரண்டாவது. உரிமம் மூன்றாவது. கடை வாசல் கடைசியில்தான்.

அடுத்து, எதை வாங்குவது? ஸ்டேயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்தினி என்று பெரிய பெயர்கள் இருக்கின்றன. எல்லாமே நல்லவைதான். ஆனால் பெயரைப் பார்த்து வாங்குவது, அளவு பார்க்காமல் செருப்பு வாங்குவது போல.

இந்தப் போட்டியில் ஒரே கையால், தாங்கல் எதுவும் இல்லாமல் சுட வேண்டும். தொலைநோக்கிக் கண்ணாடி பொருத்தக் கூடாது. 10 மீட்டருக்கு அப்பால் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். ஏறக்குறைய சட்டைப் பொத்தான் அளவு! மணிக்கட்டு ஒரு நூல் திரும்பினாலும் புள்ளி போய்விடும். ஆகவே பிடிதான் உயிர்.

பொருத்தம் பார்க்க எளிய வழி உண்டு. காலியான பிஸ்டலைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு கையைக் குறிப்பலகையை நோக்கி உயர்த்த வேண்டும். பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். முன்குறியும் பின்குறியும் தாமாகவே நேர்கோட்டில் நின்றால் பிடி பொருந்துகிறது. மணிக்கட்டைத் திருகிச் சரிசெய்ய வேண்டியிருந்தால் பிடி பொருந்தவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். பிடி பொருந்தாத பிஸ்டலில் கூடம் உண்மையிலேயே கோணல்தான்!

எடையும் முக்கியம். விதிப்படி பிஸ்டல் ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. விசையின் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. வளரும் பிள்ளை 60 குண்டுகளை 75 நிமிடத்தில் சுட்டு முடிக்க வேண்டும். முதல் குண்டில் இலேசாகத் தெரிவது ஐம்பதாவது குண்டில் தோளை இழுக்கும். பத்து முறை தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது போதாது.

பழைய பிஸ்டல் வாங்குவதில் தவறில்லை. ஆனால் காற்றுச் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பார்க்க வேண்டும். உற்பத்தியாளர் குறித்த ஆயுள் முடிந்த சிலிண்டர் போட்டிக்கும் ஆகாது, பாதுகாப்பும் அல்ல. கரியமில வாயுவில் இயங்கும் பழைய வகைகளில் வெப்பம் ஏறினால் அழுத்தமும் மாறும். நம் நாட்டு வெயிலுக்கு அழுத்தக் காற்று வகையே ஏற்றது.

கடைசியாக, பழுது பார்ப்பவர் யார் என்று கேட்க வேண்டும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதானது. அதைச் சரிசெய்வதற்குள் பொன்னான நிமிடங்கள் போயின. 575 புள்ளிகள் எடுத்தும் 12-ஆம் இடம். இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்று கைநழுவியது. உலகத் தரமான கருவிக்கே அந்தக் கதி. உதிரிப் பாகமும் பழுது பார்க்கும் ஆளும் எட்டாத தூரத்தில் இருக்கும் பிஸ்டல் எவ்வளவு சிறந்ததானாலும், பாலோவில் இருக்கும் பிள்ளைக்கு அது பெட்டியில் தூங்கும் பொருள்தான்.

எனவே பெற்றோர்களே, பிள்ளை கேட்டதும் மறுக்கவும் வேண்டாம், உடனே கடனை வாங்கவும் வேண்டாம். ஓராண்டு சங்கத்துப் பிஸ்டலில் சுடட்டும். அந்த ஓராண்டில் ஆர்வம் நிலைக்கிறதா என்பது தெரிந்துவிடும். எந்தப் பிடி, எந்த எடை வேண்டும் என்பதைப் பிள்ளையின் கையே சொல்லிவிடும்.